ஆராவது இண்டைக்கு லீவு

09.06.2025 திங்கள்

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் விறாந்தைக் கதிரையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலை இருக்கிறது, நெஞ்சு இருக்கிறது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரித் தலைமைத் தாதி கமலாதேவி சிஸ்டரின் பொம்மை. முதலுதவி வகுப்பில் நெஞ்சை அமுக்கிப் பழகுகிற ரப்பர் பொம்மை. சிஸ்டர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். "எதிர்த்துக் கதைக்காத மாப்பிள்ளை உலகத்தில இவர் ஒராள்தான்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுவார். அவருடைய கணவர் சிவகுருநாதன் ஐயா பின்வரிசையில் இருந்து எதிர்த்துக் கதைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

சிஸ்டர் காலமாகிப் பத்து நாளாகிறது. ஐயாதான் பொம்மையை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாராம். என் மனைவி ரிஸ்லா குசினிக்குள் இருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு மாப்பிள்ள காணும். அந்த ஒண்டையே வெச்சிச் சமாளிக்க ஏலாமக் கிடக்கு. எத்தின நாளைக்கு இது?"

"ஆராவது வந்து எடுத்திட்டுப் போவாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லகாலம், சிஸ்டர் இல்லை.

நல்லகாலம் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன நல்லகாலம்?

11.06.2025 புதன்

மாப்பிள்ளைக்கு ரிஸ்லா என் பழைய சாம்பல் சேட்டைப் போட்டுவிட்டிருக்கிறாள். வெறும் மேலோடு ஓர் ஆம்பிளை விறாந்தையில் இருந்தால் போகிற வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறாள். பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டியிருக்கிறாள். என்னைவிட மரியாதையாக இருக்கிறார்.

சரி, நான் நாக்கைக் கடித்த அந்த 'ஆராவது' என்ற சொல்லின் கதை. நான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாறிவந்த முதல் கிழமை, மூதூர்ப் பக்கமிருந்து ஒரு விபத்துக் கேஸ் வந்தது. "ஆராவது ஒக்சிஜனக் கொண்டு வாங்க!" என்று கத்தினேன். நாங்கள் மூன்று தாதியர் நின்றோம். மூன்று பேரும் மற்ற இரண்டு பேரையும் பார்த்தோம். அதற்குள் சிஸ்டரே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தபடியே சொன்னார்:

"ஆராவது இண்டைக்கு லீவு. நாளைக்கும் லீவு. நிக்கிற ஆளின்ட பேரைச் சொல்லும் பாஹிம்!"

அன்றைக்கு முழுவதும் அந்தப் பிரிவில் அதே சிரிப்பு. "பாஹிம், ஆராவது லீவு முடிஞ்சு வந்திட்டாரா?"

சனிக்கிழமை வகுப்பிலும் அவருடைய முதற்பாடம் அதுதான். ஒருவர் விழுந்துகிடந்தால் பொதுவாகக் கூவக் கூடாது. விரலை நீட்டிச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் உடுப்பைச் சொல்ல வேண்டும். "நீலச் சேட்டு, நீங்கள் அம்புலன்ஸுக்கு ஃபோன் அடியுங்கோ. கோடு போட்ட சாரம், நீங்கள் ஆக்களை விலத்துங்கோ." இந்த ஊரில் ஓட்டோ ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், பள்ளிக்கூட ரீச்சர் எல்லாருக்கும் இது பாடம். சாப்பாட்டுக் கடையில்கூட "ஆராவது ஒரு பிளேன்டீ" என்று கேட்டால் வராது. "சிவப்புப் பெனியன், ஒரு பிளேன்டீ" என்றால் உடனே வரும்.

14.06.2025 சனி

வகுப்பு நடக்கிற ஓர்ஸ் ஹில் மண்டபத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் கால் தானாகப் போகிறது. அங்கே அபூதாஹிர் ஓட்டோவை நிறுத்திவிட்டுப் படியில் இருந்தான். சிஸ்டரின் முதலாவது வகுப்பில் படித்தவன். அடிபட்டவர்களின் உடுப்பை வெட்டி எடுப்பதற்கென்று சிஸ்டர் கொடுத்த மொட்டைமூக்குக் கத்தரிக்கோலை இன்றைக்கும் ஓட்டோ கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறான்.

மண்டபத்துப் பொறுப்பாளர் வந்து கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் நினைவுக் கூட்டம் முடியும் மட்டும் பொறுப்பாராம். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வகுப்பு நடக்காவிட்டால் அந்த நேரம் மணப்பெண் அலங்கார வகுப்புக்குப் போய்விடுமாம். ஆள் ஏற்கெனவே வந்து முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"காக்கா, வகுப்ப நீங்க எடுங்க" என்று தம்பி அண்ணனைக் கேட்கிற உரிமையோடு சொன்னான் அபூதாஹிர்.

"எனக்கு ஏலாது. ஆரா..." பாதியில் நிறுத்திவிட்டேன். அவன் கேட்டுவிட்டான். தொங்குகிற கத்தரிக்கோலை ஒருதரம் பார்த்துவிட்டு ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான். அது ஏச்சைவிட மோசம்.

எனக்கு இரத்தம் பயமில்லை. எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பயமில்லை. நாலு பேர் வரிசையாகக் கதிரையில் இருந்து என் வாயைப் பார்த்தால்தான் பயம். கிண்ணியாவில் படிக்கும்போது மீலாத் விழாப் பேச்சுக்கு மேடையேறி, ஸலாம் சொல்லிவிட்டு, அப்படியே பின்கதவால் வீட்டுக்குப் போனவன் நான். வாப்பா மண்டபத்தில் எனக்காகக் காத்திருந்தார், நான் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த வகுப்பு நின்றுபோகக் கூடாது. அது மட்டும் தெரியும்.

17.06.2025 செவ்வாய்

சிவரூபன் வந்தார். எங்கள் ஊழியர் நலன்புரிச் சங்கச் செயலாளர். கோயில் திருவிழாக்களில் அறிவிப்பாளர். "உப்பைத் தாருங்கோ" என்பதைக்கூட எதிரொலியோடு சொல்லுகிற மனிசன்.

யூலை ஐந்தாம் திகதி நினைவுக் கூட்டம். நினைவு மலரும் வெளியிடுகிறார்களாம். நினைவுரைக்கு ஆள் தேவையாம்.

"சங்கத்தில வேற ஆரையும் பாருங்களன்" என்றேன்.

சிவரூபன் எழும்பி நின்றார். விரலை நேராக என் நெஞ்சுக்கு நீட்டினார். "வெள்ளைச் சேட்டு. நீங்கள். பத்து நிமிசம்."

அவரும் சிஸ்டரிடம் படித்தவர் என்பதை மறந்துவிட்டேன். இந்த ஊரில் தப்ப வழி இல்லை.

20.06.2025 வெள்ளி

நினைவு மலரின் அச்சுப்படி வந்தது. சிவரூபன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு: "அதிர்ந்து பேசாத அன்னை. சாந்த சொரூபி. சினம் என்னும் சொல்லையே அறியாதவர்."

பிரிவில் வாசித்துக் காட்டினேன். ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்த தாதி தர்சிகா மருந்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிஸ்டர் எமது பிரிவில் நின்று ஒருமுறை கத்தியதற்கு, எக்ஸ்ரே அறையில் இருந்த நோயாளி மூச்சைப் பிடித்தவர் விடவில்லை. சண்டைக் காலம், சுனாமி, பிறகு கொரோனா என்று எல்லாவற்றையும் அந்தக் குரலாலேயே நடத்தி முடித்தவர்.

பின்னேரம் ஐயாவிடம் காட்டப் போனேன். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"தம்பி, இது ஆரைப் பற்றி?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

தேத்தண்ணீர் தந்தார். அவர் போட்டிருந்தது தோள் கிழிந்த பெனியன். சேட்டு இல்லையா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதை வந்தது. அடிபட்டு வருகிறவர்களின் சேட்டை சிஸ்டர் யோசிக்காமல் வெட்டிவிடுவார். அது எங்களுக்குத் தெரியும். ஒருமுறை தாலி கட்டப் போகிற வழியில் விழுந்த மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையையே வெட்டியவர். ஆனால் அந்த ஆட்கள் வீட்டுக்குப் போகும்போது எதைப் போட்டுக்கொண்டு போனார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஐயாவின் சேட்டைத்தான்.

"தீபாவளிக்கு எடுத்த சேட்டு பொங்கலுக்கு என்னட்ட இருக்காது தம்பி. பஸ்ஸில வெறும் மேலோட போறதோ எண்டு அள்ளிக்கொண்டு போயிடுவா. போன கிழமையும் மீன் சந்தையில என்ட பச்சைக் கட்டம் போட்ட சேட்டைக் கண்டனான். கிட்டப் போய்ச் சுகம் கேட்டுட்டு வந்தனான்."

"ஆளத் தெரியுமா ஐயா?"

"ஆளைத் தெரியாது. சேட்டைத் தெரியும்."

வீட்டில் சத்தமே இல்லை. "அவ கத்துறது கேக்காம எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றார். பிறகு, கோப்பையைப் பார்த்தபடி: "அண்டைக்கு விடிய நான் செய்தனான். அவ பழக்கினபடியே நெஞ்சில கையை வச்சு, எண்ணி எண்ணிச் செய்தனான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கையைக் காட்டித்தான் கூப்பிட்டனான். எங்கயோ பிழை விட்டுட்டன் போல."

சிஸ்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது வாசலில் நின்று ஏற்றுக்கொண்டது நான்தான். நான் பார்த்தேன். "ஒரு பிழையும் இல்ல ஐயா. நீங்க செஞ்சதுக்கு மேல நாங்களும் ஒண்டும் செய்யேல்ல" என்றேன். அது உண்மை.

அந்தத் தேத்தண்ணீரில் சீனி இல்லை. கேட்கவில்லை. குடித்தேன்.

24.06.2025 செவ்வாய்

நினைவுரை எழுத உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் ஏச்சு வாங்கிய கதையாகவே வருகிறது. "மதிப்புக்குரிய கமலாதேவி சிஸ்டர் என்னை முதன்முதலில் மாடு என்று அழைத்தது..." கிழித்துப் போட்டேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். பல வருடத்துக்கு முன் பஸ் நிலையத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சுற்றிவர ஒரு பஸ்ஸை நிரப்பக் காணுமான சனம். எங்களிடம் கொண்டுவரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஏன் இவ்வளவு சுணக்கம் என்று சிஸ்டர் கேட்டார். கூட வந்தவர்கள் சொன்னது: "ஆராவது அம்புலன்ஸுக்கு அடிச்சிருப்பினம் எண்டு நினைச்சம் மிஸ்." ஒருவர் கூட அடிக்கவில்லை. சிஸ்டர் ஏசவில்லை. கை கழுவும் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவினார், அதிக நேரம் கழுவினார். அடுத்த சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போய் ஓட்டோக்காரர்களைக் கையோடு கூட்டிவந்து வகுப்பைத் தொடங்கினார். பொம்மை இல்லை, தலையணையை வைத்துத்தான்.

இதை எழுதிவிட்டேன். சொல்லுவது எப்படி?

28.06.2025 சனி

மாப்பிள்ளையைக் கதிரையில் நேராக இருத்தி, அவர் முன்னால் நின்று பேசிப் பழகினேன். பரவாயில்லை. கொட்டாவி விடவில்லை, கைத்தொலைபேசி பார்க்கவில்லை. நல்ல சபையோர்.

நடுவில் மின்சார மீட்டர் பார்க்கிறவர் வந்திருக்கிறார். நான் உள்ளே தண்ணீர் குடிக்கப் போன நேரம். கேற்றுக்கு வெளியே நின்று, "சேர், நாய் கட்டியிருக்கா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. இன்னொருமுறை கேட்டிருக்கிறார். பிறகு கோபம் வந்து, "கதைச்சா வாய் தேஞ்சு போகுமோ?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஊரில் எனக்குத் தலைக்கனம் என்று இனிக் கதை போகும்.

04.07.2025 வெள்ளி

நாளைக்கு. ரிஸ்லா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்துத் தந்த மயில்நீலச் சேட்டை ஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

05.07.2025 சனி

எழுத ஏலாது. நாளைக்கு எழுதுறன். அல்லாஹ்வே.

06.07.2025 ஞாயிறு

சரி, எழுதித் தீர்ப்போம்.

மண்டபம் நிறைந்திருந்தது. எல்லாரும் சிஸ்டரின் மாணவர்கள். ஓட்டோக்காரர், மீனவர், ரீச்சர்மார், எங்கள் பிரிவு ஆட்கள். சிவரூபன் மைக்கைப் பிடித்து, "அலைகடலெனத் திரண்டிருக்கும்" என்று தொடங்கி என்னை மேடைக்கு அழைத்தார். நான் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. படியேறினேன். தாளை விரித்தேன். அத்தனை முகமும் என் வாயைப் பார்த்தன. "மதிப்புக்குரிய" என்றேன். அவ்வளவுதான். மண்டபம் ஓரங்களில் இருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

கண் திறந்தபோது மேலே காற்றாடி சுற்றுகிறது. அதற்குக் கீழே அபூதாஹிரின் முகம். என் இரண்டு தோளையும் படபடவென்று அறைகிறான்.

"காக்கா! கேக்குதா? கண்ணத் திறங்க!"

"கேக்குது" என்றேன். குரல் வரவில்லை போல.

"மறுமொழி இல்ல!" என்று அவன் சபையைப் பார்த்துக் கத்தினான். அதற்குப் பிறகு கத்தரிக்கோல் சத்தம். அதைக் கூட்டத்துக்கும் கொண்டுவந்திருக்கிறான். பெருநாள் சேட்டு, கீழ் விளிம்பில் இருந்து கழுத்து வரை, ஒரே இழுப்பு.

நான் தலையைத் திருப்பினேன். வாழ்நாளில் மறக்க மாட்டேன். மண்டபம் முழுவதும் எழும்பி நிற்கிறது. எல்லாருடைய விரலும் நீட்டியபடி, ஒருவரை ஒருவர் காட்டியபடி.

"பச்சைச் சேட்டு, அம்புலன்ஸுக்கு அடியுங்கோ!"

"நான் அடிக்கிறன், மஞ்சள் சாரி, நீங்க ஆக்கள விலத்துங்க!"

"ஆரை விலத்துறது? எல்லாரும்தான் விலத்திக்கொண்டு நிக்கினம்!"

"கறுத்தச் சேட்டு, அம்புலன்ஸ்!"

"ரெண்டு தரம் அடிச்சிட்டன்!"

சிவரூபன் மைக்கிலேயே சொல்லுகிறார்: "வெள்ளை வேட்டி, வெள்ளை வேட்டி, உடனடியாக அம்புலன்ஸுக்கு அழைக்கவும்!" அந்த மண்டபத்தில் பாதிப்பேர் வெள்ளை வேட்டி.

இதற்குள் அபூதாஹிர் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துவிட்டான். அவன் கை எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "டேய், மூச்சுப் பாத்தியா? முதல்ல மூச்சுப் பாரு!" என்று கத்தினேன். என் வாயில் வந்தது அச்சொட்டாகச் சிஸ்டரின் குரல். மண்டபம் அடங்கிவிட்டது.

அம்புலன்ஸ் வந்தது. பின்னால் இன்னொன்றும் வந்தது. இறங்கிய அம்புலன்ஸ் பெடியன் மூச்சு வாங்கியபடி கேட்டான்: "பஸ் எங்க கவிண்டது? இவ்வளவு பேர் அடிக்கிறீங்கள், ஆளுக்கொரு சேட்டு நிறம் சொல்லுறீங்கள்!" பிரஷர் பார்த்தான். பசி, பயம், வேறொன்றும் இல்லை. தர்சிகா சீனித் தண்ணீர் கரைத்துத் தந்தாள்.

நினைவுரை நடக்கவில்லை. நான் வெறும் மேலோடு மேடையில் இருக்கிறேன். அப்போது முன்வரிசையில் ஐயா சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்து, நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் அழுதார்கள். நான் அழுதேன். அதற்கு மயக்கம் காரணமில்லை.

"அவ இருந்திருந்தா இண்டைக்கு ஒருத்தரும் வீட்டுக்குப் போயிருக்கேலாது" என்றார் ஐயா. "எல்லாரையும் இருத்தித் திரும்பப் படிப்பிச்சிருப்பா."

வீடு கிட்டத்தான். தானே போய் ஒரு சேட்டு எடுத்துவந்தார். மண்ணிறக் கோடு போட்டது, புதுசு. மடிப்புக் கூடக் கலையவில்லை.

"அவ மிச்சம் விட்டது இது ஒண்டுதான். பிடியுங்கோ."

12.07.2025 சனி

மாப்பிள்ளையை மண்டபத்தில் விட்டுவிட்டு வருவதாகத்தான் ரிஸ்லாவிடம் சொல்லிப் போனேன். ஐயாவின் சேட்டைத் தோய்த்து ஸ்திரி போட்டு அவள்தான் எனக்குப் போட்டுவிட்டாள். போய்ப் பார்த்தால் கதிரை போதாத கூட்டம். போன கிழமை எல்லாரும் ஒரே நேரத்தில் அம்புலன்ஸுக்கு அடித்தது பிழை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எது சரி என்று கேட்க வந்திருக்கிறார்கள். கதவோரத்தில் மணப்பெண் அலங்கார அம்மாவும் நிற்கிறார், அளவெடுத்த அந்தப் பெரிய கண்ணாடியோடு.

வாசலில் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஆராவது தொடங்குவாங்க என்று நினைத்தேன். ஓம், நினைத்தேன். வெளியே சொல்லவில்லை.

பின்வரிசையில் இருந்து ஒரு விரல் எழும்பியது. ஐயா. வகுப்பில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

"கோடு போட்ட சேட்டு. நீங்கள்."

மேடைக்குப் போகவில்லை. நிலத்தில் முழங்காலில் இருந்து மாப்பிள்ளையைப் படுக்க வைத்தேன். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தேன். கை வேலையில் இருந்தால் வாய் தானாக வரும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. நான் மாப்பிள்ளையைத்தான் பார்த்தேன், மாப்பிள்ளைக்குத்தான் சொன்னேன். கேட்டவர்கள் கேட்டார்கள். சிஸ்டரின் பாடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "அடிச்ச ஆள் 'நான் அடிச்சிட்டன்' எண்டு சத்தமாச் சொல்லணும். மத்த ஆக்கள் ஃபோனப் பைக்குள்ள வைக்கணும்." அபூதாஹிரை முன்னால் கூப்பிட்டு மூச்சுப் பார்ப்பதைத் திரும்பவும் செய்யவைத்தேன். மாடு என்று சொல்ல வாய் வந்தது. சொன்னேன்.

மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுக்கு ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது. யோசிக்காமல், "ஆராவது அந்த ஜன்னலச் சாத்துங்க" என்றேன்.

மண்டபம் முழுவதும் ஒரே குரலில்: "ஆராவது இண்டைக்கு லீவு!"

கண்ணாடிக்கார அம்மாதான் போய்ச் சாத்தினார்.

19.08.2025 செவ்வாய்

காலையில் ரிஸ்லா அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"உங்கட நீலக் கட்டச் சேட்டு எங்க?"

"தம்பலகாமத்துக்குப் போயிட்டு" என்றேன். முந்தநாள் ட்ரக்டரில் இருந்து விழுந்த மனிசன். விலா எலும்பு மட்டும்தான், தப்பிவிட்டான். அவனுடைய சேட்டை நான்தான் வெட்டினேன். வெறும் மேலோடு பஸ்ஸில் போகிறதா?

"போன மாசம் அந்த வெள்ளச் சேட்டு?"

"அது மூதூர்."

ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவள் குனிந்தாள். அடித்தட்டில் இருந்து என் பழைய சேட்டுகள் இரண்டை எடுத்து மடித்து, வேலைக்குக் கொண்டுபோகிற பையில் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்தாள்.

"இதுகள முதல்ல குடுங்க" என்றாள். "மாப்பிள்ளட சாம்பல் சேட்டுல மட்டும் கை வெச்சிராதீங்க, அது அவருக்கு நல்லாப் பொருந்தியிரிக்கி."